ஜெசிந்தா எழுதி அனுப்பியவை

கல்லறைத் திருநாள் அன்று காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் பேக்கரியை விட்டு வாசனை போய்விட்டது. அடுப்பு எரிந்தது, பன் உப்பியது, மேல்தோல் எப்போதும் போலச் சிவந்தது, தொட்டால் கை சுட்டது, வாயில் போட்டால் இனிப்பும் இருந்தது, வாசனை மட்டும் இல்லை. எங்கள் சந்தியாகுபுரத்தில் ஒரே தெரு, ஒரு முனையில் கோயில், மறுமுனையில் பைபாஸ் ரோடு, நடுவில் எங்கள் கடை. அன்று கல்லறை மந்திரிப்பு முடிந்ததும் வீட்டுக்கு வீடு செத்தவர்கள் பேரைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு பன் வாங்கிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம், அதனால் கடை வாசலில் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள், நாற்பது பேரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள்.

முதலில் வாய் திறந்தது தொம்மை அண்ணாச்சி. "ஏ இஞ்ஞாசி, உன் ரொட்டிக்குச் சளி பிடிச்சிருக்கா, எனக்குப் பிடிச்சிருக்கா வே?" என்றார்.

என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி முதலில் மைதாவை ஏசினார், அப்புறம் ஈஸ்டை ஏசினார், அப்புறம் மழையில் நனைந்த விறகை ஏசினார், முப்பது வருசமாக ஏசாத எதையெல்லாமோ ஏசினார். அப்போதுதான் எங்கள் கடைக்குட்டி ஜெசிந்தா, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், தலைகூட வாராமல் உள்ளறையிலிருந்து வந்து நின்று, "எப்பா, மைதாவ ஏசாதீங்க. நாந்தான் அத எழுதி அனுப்பிட்டேன்" என்றாள்.

அவள் எழுதி அனுப்பியது அமெரிக்காவில் உள்ள ஒரு கல்லூரிக்கு. அதன் பேர் என் வாயில் நுழையாது, நாங்கள் ரொட்டித்தாள் கல்லூரி என்றுதான் சொல்வோம், ஏனென்றால் பன் பொதிகிற பழைய பேப்பரில்தான் அவள் அதைப் பற்றி வாசித்தாள். நூறு பேர் கேட்டால் நாலு பேரைத்தான் எடுப்பார்களாம், ஆனால் எடுத்த பிள்ளைக்குச் சோறு, துணி, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பாம். என் மூத்தவன் ஓமனில் இருக்கிறான், அடுத்தவளை நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்தாச்சு, அவர்கள் இரண்டு பேரும் கேட்காததை இவள் கேட்டாள். மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள், பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்களிடம் சான்றிதழ் வாங்கினாள், கடைசியில் அந்தக் கல்லூரி, உன்னை நீயாக ஆக்கினது எது, அறுநூற்றைம்பது வார்த்தைக்குள் எழுது என்று கேட்டதாம். எங்கள் அடுப்பின் வாசனையை எழுதியிருக்கிறாள். விடியுமுன்னே அது சுவரைத் தாண்டி வந்து தன்னை எழுப்புவதை, சீருடையில் ஏறிக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் கூட வருவதை, அதனால் வகுப்பில் எல்லாரும் தன்னை 'பன்னு' என்று கூப்பிடுவதை, ஒன்று விடாமல் எழுதி, ஒன்பதரைக்குப் பட்டனை அழுத்தியிருக்கிறாள். இங்கே செத்தவர்கள் திருநாள் பிறந்துவிட்டது, அங்கே அப்போதும் புனிதர்கள் திருநாள் முடியவில்லையாம்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. எழுதி அனுப்பினால் போகத்தானே செய்யும் என்றார்கள். மாதா கோயிலில் கால்வலிக்கு மெழுகுக்கால் வாங்கி வைக்கிறோம், கண் நோவுக்குத் தகட்டுக்கண் வைக்கிறோம், வைத்தபின் வலி அங்கே போய்விடுகிறது, அதே மாதிரி இது கம்ப்யூட்டரில் போகிறது, அவ்வளவுதானே என்றார்கள். பங்குச்சாமியும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், காணிக்கை என்பது கொடுத்தபின் நம் கையில் இருக்கக் கூடாதது என்று சொல்லி, எங்கள் பக்கம் பார்த்து ஒரு தலையசைப்பு அசைத்தார். வாசனை இல்லாத பன்னை எங்கள் ஊர் ஒரு வாரம் முகம் சுளித்துத் தின்றது, மறுவாரம் சுளிக்காமல் தின்றது, அதற்கப்புறம் அசலூர்க்காரர்கள் கேட்டால்தான் அவர்களுக்கு ஞாபகமே வந்தது. இஞ்ஞாசி மட்டும் அடுப்புக்கு முன்னால் குனிந்து குனிந்து நிற்பார்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலையிலேயே தொம்மை அண்ணாச்சி கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். "ஏ ஜெசிந்தா, வேற எந்த ஊருக்கும் எழுதுதியாம்மா?"

"இன்னும் எட்டுக் கல்லூரிக்கு எழுதணும் பெரியப்பா."

"அப்போ எம் முட்டுவலியக் கொஞ்சம் எழுதிவிடேன்."

"அவங்களுக்கு எதுக்கு உங்க முட்டுவலி?"

"அவன்ட்ட எல்லாம் இருக்கு. இதுதான் இருக்காது."

ஒரு கல்லூரி, உன் ஊரில் நீ பார்த்த கஷ்டம் ஒன்றைச் சொல் என்று கேட்டிருந்தது. பதினெட்டு வயதில் இவளுக்கு என்ன கஷ்டம் தெரியும், அதனால் அண்ணாச்சியை உட்காரவைத்து, வலி எங்கே தொடங்கும், எங்கே முடியும், மழைக்காலத்தில் எப்படி, முழந்தாள் போடும்போது எப்படி என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். அனுப்பின அன்றைக்கு அண்ணாச்சி கம்பைக் கோயில் வாசலில் சாத்தி வைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்து வந்தார், அதை ஊரே பார்த்தது.

அதற்கப்புறம் வரிசைதான். பல்வலி வந்தது, குடிதண்ணீர்க் குழாயடியில் பத்து வருசமாக நடந்த ஒரு சண்டை வந்தது, மாமியாரின் இருமல் வந்தது, கடிக்கிற நாய் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே வந்தார்கள். கல்லூரிக்காரர்களுக்குக் கேள்விக்கு மேல் கேள்வி இருந்தது, எங்கள் ஊருக்கு வலிக்கு மேல் வலி இருந்தது, இரண்டுக்கும் நடுவில் என் மகள் உட்கார்ந்து எழுதினாள். ஊர் அமைதியானது. ஆனால் முட்டுவலி போன தொம்மை அண்ணாச்சியை, முட்டு எப்படி இருக்கு என்று கேட்க யாரும் நிற்கவில்லை. அந்த ஒரு கேள்விதான் அவருக்கு நாள் முழுவதும் பேச்சுத்துணையாக இருந்திருக்கிறது. நல்ல காலை வைத்துக்கொண்டு தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அவர் தனியாக நடப்பதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

கிறிஸ்துமசுக்குப் பத்து நாள் முன்னால் ரொட்டித்தாள் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மார்ச் மாதம் மறுபடி பார்ப்போம், அதற்குள் உன்னைப் பற்றி இன்னும் சொல்ல ஏதாவது இருந்தால் சொல் என்றிருந்தது. "இன்னும் என்னத்தம்மா சொல்ல, வீட்ல இருந்த நல்லதக் குடுத்துட்டேனே" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

புது வருசம் பிறந்த அன்று பிலோமி அக்கா வந்தாள். பக்கத்து வீடு. அவளுடைய ஒரே மகன் ராபின்சன் மூன்று வருசத்துக்கு முன்னால் பைபாஸ் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். அன்றையிலிருந்து அவள் சோற்றைப் பிசைவாள், தின்னமாட்டாள். வந்தவள் ஜெசிந்தா முன்னால் தரையில் உட்கார்ந்து, "ஏட்டி, எந் துக்கத்த எழுதிவிடு. தூக்கிச் சுமக்க முடியல" என்றாள். ஜெசிந்தா மாட்டேன் என்றாள். பிலோமி அக்கா அவள் காலைப் பிடித்தாள். காலைப் பிடித்தபின் என்ன செய்ய, நானும்தான், எழுதிக் கொடேன் பாவம் என்றேன். மறுநாள் காலை பத்தரைக்குள் கடைசிக் கல்லூரிகளுக்கு அனுப்பவேண்டும், அதில் ஒன்றுக்கு அது போனது.

அன்றைக்கு மத்தியானம் பிலோமி அக்கா சோறு தின்றாள். இரண்டாம் தரம் குழம்பு வாங்கித் தின்றாள். தூங்கினாள், எழுந்தாள், சிரித்தாள். மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு நான் அவள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனபோது, சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைத் துடைத்துக்கொண்டே, "ரோணிக்கம், இந்தப் பையன் யாரு? நல்ல களையா இருக்கான்லா?" என்று கேட்டாள்.

நான் தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். துக்கம் ஒன்றுதான் அவளிடம் மிஞ்சியிருந்த மகன், அதையும் அனுப்பிவிட்டோம் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். அன்றோடு அவள் அடுத்தவர்களுக்கு எழுதுவதை நிறுத்தினாள். கேட்டு வந்தவர்களிடம், கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று இஞ்ஞாசி பொய் சொன்னார், அதற்கு அவர் பங்குச்சாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனமும் செய்தார்.

மாசிக்குள் நாலு கல்லூரி இல்லை என்று சொல்லிவிட்டது, மற்றவை பேசவே இல்லை. "எல்லாம் அடுத்தவங்க வலிம்மா. வாசிக்கவங்களுக்குத் தெரியாதா?" என்றாள் ஜெசிந்தா. மிச்சமிருந்தது ரொட்டித்தாள் கல்லூரி. இன்னும் ஏதாவது சொல் என்று அது கேட்டதற்கு, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்குள் சொல்லவேண்டும். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள், கட்டத்துக்குள் ஒரு கோடு மின்னி மின்னி அணையும், அவள் என்னைப் பார்ப்பாள், மூடிவிடுவாள். நாலைந்து நாள் இப்படியே போனது. எட்டாவது வரைக்கும் படித்தவள்தான் நான், ஆனாலும் பெற்றவளுக்கு அந்தப் பார்வை விளங்காதா.

"என்ன எழுதணும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. அம்மாவ எழுதணும், அதானட்டி?"

அவள் மூடின கம்ப்யூட்டரை இன்னும் தள்ளி வைத்தாள்.

"எழுது."

"எழுதினா நீ போயிருவ. அங்க போய் இறங்கினதும் நான் யாருக்கு போன் போட? அப்பாவுக்கா? அப்பா அலோன்னு மட்டுந்தான் சொல்வாரு." சொல்லிவிட்டு அழுதாள்.

நான் அன்று முழுவதும் யோசித்தேன். பன் அடுக்கும்போது யோசித்தேன், மாவு சலிக்கும்போது யோசித்தேன், மாதா படத்துக்கு முன்னால் திரி ஏற்றும்போது யோசித்தேன், திரி ஏற்றியதும் எனக்கு வழி தெரிந்த மாதிரி இருந்தது. அவளைக் கூப்பிட்டு, "என்ன எழுத வேண்டாம், எம் பயத்த எழுது" என்றேன்.

எட்டாம் மாதத்தில் பிறந்தவள் அவள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்தோரு நாள் கிடந்தாள், அந்தப் பெட்டிக்கு வெளியே நின்றுதான் அந்தப் பயம் எனக்குப் பிறந்தது, அவளோடு சேர்ந்து வளர்ந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அவள் சைக்கிளில் பைபாஸ் ரோட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும். அவள் தெருமுனையில் திரும்பியதும் நான் கடை வாசலில் நின்று செபமாலையை எடுப்பேன். ஐம்பத்து மூன்று மணி. லாரிக்கு ஒரு அருள் நிறைந்த மரியே, பஸ்ஸுக்கு ஒன்று, குறுக்கே வரும் மாட்டுக்கு ஒன்று. கடைசி மணிக்கு விரல் வரும்போது சிஸ்டர் அறை போனிலிருந்து, வந்து சேர்ந்துட்டேன் என்று அவள் கொடுக்கும் மிஸ்டு கால் எனக்கு வரும். ஒரே ஒரு அடி, நின்றுவிடும். எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு. அந்த ஒரு அடியில்தான் என் மூச்சு திரும்பி வரும். ஏழு வருசம், ஒரு நாள் தவறியதில்லை.

"பிலோமி பெரியம்மாவப் பாத்தீல்லா?" என்றாள் ஜெசிந்தா.

"அது துக்கம். துக்கத்துக்குள்ள பிள்ள இருந்தான். பயத்துக்குள்ள என்ன இருக்கு? பயம் போய் யாரும் கெட்டதுண்டா?" என்று கேட்டேன். மனசாரத்தான் கேட்டேன். மாதாவே, நான் மனசாரத்தான் கேட்டேன்.

அவள் இரண்டு நாள் எழுதினாள். சாம்பல் புதன் அன்று காலை, ஒவ்வொரு வரியாகத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினாள். நான் யாரிடமும் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது. பைபாஸ் ரோட்டில் சைக்கிளை மிதிக்கும்போது பின்னால் ஒரு முணுமுணுப்பு கூட வரும், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள், அதுதான் என் அம்மாவின் பயம் என்று முடித்திருந்தாள். அனுப்பட்டுமா என்றாள். அனுப்பு என்றேன். அனுப்பினாள்.

இடுப்பில் வருசக்கணக்காகச் சுமந்த தண்ணீர்க் குடத்தை யாரோ மெதுவாக எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. நல்ல சுகம். கொஞ்ச நேரத்தில் இடுப்புக்கு எப்படி நிற்பது என்று தெரியவில்லை. கோயிலில் பங்குச்சாமி நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்றார், வருசா வருசம் அதைக் கேட்டதும் ஜெசிந்தா கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், அன்றைக்கு பஸ் நேரம் சொன்ன மாதிரிக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஜெசிந்தா சைக்கிளை எடுத்தாள். நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, முதல் அடியிலேயே எடுத்து, "யாரு?" என்றேன்.

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது. அப்புறம், "எம்மா, நீ எடுக்கமாட்டியே" என்றாள்.

அன்று சாயங்காலம் செபமாலையை எடுத்து உட்கார்ந்தேன். முதல் மணியைப் பிடித்தேன். வார்த்தை வந்தது, வார்த்தைக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது மணி, மூன்றாவது மணி. பயறு பொறுக்குகிற மாதிரி விரல் போய்க்கொண்டே இருந்தது. இத்தனை வருசம் செபம் என்று நான் நினைத்திருந்ததையெல்லாம் அந்தப் பயம்தான் எனக்குள் இருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அது போகும்போது அதன் பேச்சையும் கூடவே கொண்டுபோய்விட்டது.

தவக்காலம் முடிகிற சமயம், ஒரு நாள் விடியற்காலையில், முதல் அடுக்கு பன் அடுப்பில் இருக்கும்போது ஜெசிந்தா கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து வந்து, "எப்பா, எடுத்துட்டாங்க" என்றாள். இஞ்ஞாசி மைதா மூட்டைமேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், மாவெல்லாம் கண்ணீரில் பிசைந்துபோனது. ஊர் வந்தது. கோயில் மணி அடிக்கலாமா என்று தொம்மை அண்ணாச்சி கேட்க, தவக்காலத்தில் கொண்டாட்டம் ஆகாதே என்று பங்குச்சாமி யோசித்து, அப்புறம் ஒரே ஒரு அடி அடிக்கச் சொன்னார். நான் எல்லாருக்கும் டீ போட்டேன். சந்தோசம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன், ஆனால் ஜெசிந்தா டீ தம்ளரை வாங்கும்போது என் முகத்தில் எதையோ தேடினாள், தேடிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆகஸ்டில், மாதா விண்ணேற்புத் திருநாள் கழிந்து மூன்றாம் நாள் திருவனந்தபுரத்தில் விமானம். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற அம்மாமார் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பாஸ்போர்ட் எடுத்தியா, ஊறுகாய் பாட்டில் மூடி இறுகியிருக்கா என்று கேட்டேன்.

"வேற ஒண்ணும் சொல்லலியாம்மா?"

"போயிட்டு வாட்டி."

மூன்று தரம் திரும்பிப் பார்த்தாள். மூன்று தரமும் நான் கையசைத்தேன். கை நன்றாகத்தான் அசைந்தது, கொஞ்சமும் நடுங்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் இஞ்ஞாசி, "ஏட்டி, உனக்கு ஒண்ணும் செய்யலியா?" என்று கேட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை.

இப்போது காலைப் பூசை முடிந்ததும் நானும் பிலோமி அக்காவும் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். "நீ எதக் குடுத்த?" என்று ஒரு நாள் கேட்டாள். சொன்னேன். "நான் எதையோ குடுத்திருக்கேன், என்னதுன்னுதான் தெரியல. வீட்ல அந்தப் பையன் படத்தப் பாக்கும்போது மட்டும் கை தானா துடைக்கப் போவுது" என்றாள்.

போன வாரம் ஜெசிந்தா படம் தெரிகிற போனில் வந்தாள். பின்னால் சிவப்புக் கல் கட்டடம், மஞ்சள் இலை. "எம்மா, இங்க விண்ணப்பம் வாசிக்கிற ஆபீஸ்ல ஒரு ரொட்டி வாசனை. எங்க இருந்து வருதுன்னு யாருக்கும் தெரியல. எல்லாரும் அங்க வந்துதான் டீ குடிக்காங்க" என்றாள். இஞ்ஞாசி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் திருப்பித் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

"அப்புறம்மா" என்று குரலைத் தாழ்த்தினாள். "லைப்ரரியில இருந்து ரூமுக்கு வாரப்போ ஒரு பெரிய ரோட்டத் தாண்டணும். பின்னால யாரோ செபமாலை சொல்லிட்டே வாராங்க. திரும்பினா யாருமில்ல. கடைசி மணி முடியவும் ரூம் கதவு வரவும் சரியா இருக்கு."

எனக்கு விளங்கியது. என் பயம் அவளுக்கு முன்னாலேயே கப்பலும் விமானமும் இல்லாமல் போய்ச் சேர்ந்து, அந்தக் குளிரில், செருப்பில்லாமல், அவள் பின்னால் நடக்கிறது.

"ஏட்டி, நீ லீவுக்கு வருவீல்லா. வரும்போது அதையும் கூட்டிட்டு வந்துரு. எனக்குச் செபம் சொல்ல வரமாட்டேங்கு" என்றேன்.

காற்றில் இலை புரளுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், ஆறாம் வகுப்பில் முதல் நாள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அதே குரலில், "அத அனுப்பிட்டா நான் எப்படிம்மா தனியா ரோடு தாண்ட?" என்றாள்.

நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை. "சரிட்டி, நீயே வச்சுக்க" என்றேன்.

இப்போது எங்களுக்கு விடிந்து ஆறரை ஆகும்போது அவளுக்கு அது வீடு திரும்புகிற நேரம். நான் கடை வாசலில் வந்து நிற்கிறேன். செபமாலையை எடுக்கிறேன். உள்ளே ஒன்றும் அசைவதில்லை, ஆனாலும் ஒரு மணி, இன்னொரு மணி என்று தள்ளுகிறேன், அங்கே அவள் பின்னால் நடக்கிற அது வழி தப்பாமல் இருக்கட்டும் என்று. ஐம்பத்து மூன்றாவது மணிக்கு விரல் வரும்போது போன் ஒரே ஒரு அடி அடித்து நிற்கும். இப்போது எடுத்தாலும் காசு இல்லையாம். நான் எடுப்பதில்லை.